ஒரு சிலம்பும் ஒரு கைக்குட்டையும்

அழுக்காறு கொண்டவன் பிறரை அழிப்பதற்கு வாளேந்த வேண்டுவதில்லை. ஐயுறும் ஒருவரின் செவியிலே சில சொற்களை இட்டாற் போதும். இவ்வுண்மையை அரங்கிலே காட்டும் துன்பியல் நாடகங்களுள் தலைசிறந்தது 'ஒதெல்லோ'. விபுலானந்த அடிகள் தமது 'மதங்க சூளாமணி'யில் (1926) செகசிற்பியார் என்று பெயர் சூட்டிய ஆங்கிலப் பெருங்கவிஞர் இயற்றிய இந்நாடகம், 1604 ஆம் ஆண்டு இலண்டன் அரசவையில் நடிக்கப்பட்டமைக்குக் குறிப்புண்டு.

வெனிசு நாட்டுப் படைத்தலைவன் ஒதெல்லோ, துணைத்தலைவன் பதவியைக் காசியோவுக்கு அளிக்கிறான். அதனை எதிர்பார்த்திருந்த இயாகோவின் நெஞ்சு வேகிறது. ஒதெல்லோவின் மனைவி தெசுதிமோனாவுக்கும் காசியோவுக்கும் கள்ள நட்பு உண்டென்று அவன் குறிப்பாற் புலப்படுத்துகிறான். வெளிப்படையாக எதுவும் கூறாது, தயங்குவான் போன்று நடித்தே தலைவனின் ஐயத்தை வளர்க்கிறான். ஒதெல்லோ மனைவிக்கு முதற்பரிசாக அளித்த கைக்குட்டை காசியோவின் இல்லத்தில் இடப்படுகிறது. அதுவே சான்றாகிவிடுகிறது. குற்றமற்ற மனைவியைக் கொன்றபின் உண்மையறிந்த ஒதெல்லோ தன்னுயிரையும் மாய்த்துக் கொள்கிறான்.

இக்கதையின் உட்பொருள் வன்னி மக்களாகிய நமக்குப் புதியதன்று. முல்லைத்தீவுப் பகுதியில் வழிவழியாக ஆடப்பெறும் கோவலன் கூத்தினைக் கண்டோர் இதன் உறவினை எளிதில் உணர்வர். அக்கூத்திற்கு மூலமான சிலப்பதிகாரக் கதையை நோக்குவோம். அரசியின் சிலம்பைக் கவர்ந்த பொற்கொல்லன், அப்பழியைச் சுமத்தத்தக்க ஒருவனைத் தேடியிருக்கிறான். ஒற்றைச் சிலம்புடன் கோவலன் வருகிறான். அந்நேரத்தில், ஆடல் மகளிர்பால் அரசன் மனம் சென்றதென்று ஊடிய கோப்பெருந்தேவி, தலைநோவென்று கூறி அந்தப்புரம் சேர்ந்துவிட்டாள். அவளது ஊடலைத் தணிக்க விரைந்து செல்லும் பாண்டியனை வழியிலே கண்டு பொற்கொல்லன் முறையிடுகிறான். அரசன் ஆராயாது ஆணையிடுகிறான்.

வியப்பு யாதெனில், ஒதெல்லோவின் கைக்குட்டை தவறி விழுவதும் ஒரு தலைநோவின் போதேயாம். கணவன் தலைவலியென்று கூற, அதனாற் கட்ட முயன்றபோதே தெசுதிமோனா அதனை இழந்தாள். ஈரிடத்தும் தலைநோவின் பின்னே நின்றது ஐயமே. சூழ்ச்சிக்காரன் அவ்வையத்தைப் பற்றுக்கோடாகக் கொள்கிறான். கலங்கிய நீரிலேதான் அவன் வலை வீசுகிறான். ஆதலின் இயாகோவையும் பொற்கொல்லனையும் மட்டும் பழித்து அமைதல் சாலாது. கேட்டவர்களும் பொறுப்பாளிகளே.

இரண்டு அழிவுகளையும் ஒரேயொரு வினா தடுத்திருக்கும். சிலம்பின் உள்ளே இருப்பது யாதென்று பாண்டியன் கோவலனை வினவியிருப்பின், மாணிக்கம் என்னும் விடை கிடைத்திருக்கும். அரசியின் சிலம்பில் இருந்தனவோ முத்துக்கள். கண்ணகி வந்து உரைத்தபோது அரசன் இதனை அறிந்தான். ஆனால் கோவலன் உயிர் அதற்குமுன்னரே போய்விட்டது. ஒதெல்லோவும் கைக்குட்டை இயாகோவிடம் சென்ற வரலாற்றை, மனைவியின் உயிர் பிரிந்தபின் எமிலியாவின் வாயாற் கேட்டான். குற்றஞ்சாட்டப்பட்டவரை அழைத்து, முன்முடிபின்றி விசாரிக்கும் பொறுமை இருவருக்கும் வாய்த்திலது.

மதுரையை எரித்த கண்ணகி வன்னிக்கு வந்து, தங்கிய பத்தாவது இடமே வற்றாப்பளை என்பது நம்மவர் ஐதிகம். ஆராயாது வழங்கிய தீர்ப்பினால் துயருற்ற ஒருத்தியையே நாம் வைகாசிதோறும் பொங்கலிட்டு வழிபடுகிறோம். அவ்வழிபாட்டுக்குரிய நாம், அயலவரைப் பற்றி ஒருவர் காதோடு கூறும் சொல்லை ஆராயாது ஏற்பது தகுமோ? வகுப்பறையிலும் அலுவலகத்திலும் இல்லத்திலும், பழிக்கப்பட்டவரை நேரிற் கேட்டறிந்த பின்னரே முடிவுசெய்யும் வழக்கத்தை இளைஞர் கைக்கொள்வராயின், இந்நாடகங்களைக் கற்றதன் பயனை எய்தியவராவர்.