பழைய கான்டெசா வாங்கப் போகிறீர்களா?

மும்பை,
ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். "தம்பி, சின்ன வயதில் இருந்தே கான்டெசா கார் மீது ஆசை. கையில் பி.எப். பணம் இருக்கிறது. பழைய வண்டி ஒன்று வாங்கலாமா?" என்று கேட்டார்.

ஒரு காலத்தில் பெரிய மனிதர்கள் போன கார் அது. ஆனால் பெயர்தான் ஒன்று, வண்டி ஒன்றல்ல!

கான்டெசா 1984-ல் வந்தது. அதில் இருந்தது அம்பாசிடரின் 1.5 லிட்டர் என்ஜின். கனமான அந்தக் காரை இழுக்க அது திணறியது. 1980-களின் பிற்பகுதியில் ஜப்பானின் இசுசு நிறுவனத்தின் 1.8 லிட்டர் பெட்ரோல் என்ஜினும் 5 கியரும் வந்தன. அதன் பிறகே கார் வேகம் பிடித்தது. பிறகு டீசலும் வந்தது. 2002-ல் உற்பத்தி நின்றது.

ஆகவே, வருடத்தை மட்டும் பார்த்து விலை பேசாதீர்கள். சிலர் பழைய என்ஜினைக் கழற்றி வேறு என்ஜினை மாட்டி இருப்பார்கள். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள என்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும் வண்டியில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் வம்பு வாங்கியவருக்குத்தான்!

15 வருடம் தாண்டிய வண்டி என்பதால், 5 வருடத்துக்கு ஒருமுறை சோதனைக்குக் காட்டி ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். அது எதுவரை செல்லும் என்று பாருங்கள். காருக்குள் விரிப்பைத் தூக்கி, தரைத் தகட்டில் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நண்பர் பார்த்த கார் பளபளவென்று இருந்தது. என்ஜின் நம்பர் மட்டும் ஒத்துவரவில்லை.

"பணம் பிழைத்தது, தம்பி" என்றார். ஆசை மட்டும் அப்படியே இருக்கிறது. வேறு வண்டி தேடுகிறார்.