ஆற்று நீருக்கு என்ன நிறம், செல்போனுக்கு எவ்வளவு வேலை?

தெற்கு நோக்கி ஓடிவரும் காவிரி கொடுமுடியில் கிழக்கே திரும்புகிறது. கோடையில் நீர் குறைந்து தெளிந்திருக்கும்போது கரையோரம் அடிமணல் தெரியும். ஆடியில் புதுத்தண்ணீர் வந்துவிட்டால் அதே இடத்தில் கலங்கல்தான். இந்த இரண்டு காட்சிகளையும் ஒரு செல்போன் கேமில் வரைய வேண்டுமென்றால், தெளிந்த நீர்தான் போனுக்குப் பாரம்.

1080க்கு 2400 என்ற அளவுள்ள திரையில் ஏறக்குறைய 26 லட்சம் புள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொரு புள்ளிக்கும் நிறத்தைக் கணக்கிட்டுத் தரும் குட்டி நிரலுக்கு ஷேடர் என்று பெயர். நொடிக்கு 60 முறை திரை புதுப்பிக்கப்படுவதால், திரை முழுக்க ஒரே ஒரு அடுக்கு வரைவதற்கே ஷேடர் நொடிக்குப் பதினைந்தரைக் கோடி முறை ஓடியாக வேண்டும். சுவர், பாறை போன்றவை பின்னால் இருப்பதை மறைத்துவிடும். மறைந்ததை வரையாமலே சிப் தாண்டிப் போய்விடும். ஒளி ஊடுருவும் பொருளில் அந்தச் சலுகை கிடையாது. மணலையும் வரைய வேண்டும், அதன்மேல் நீரையும் வரைய வேண்டும். இன்னும் மேலே பனிமூட்டம், அந்தி மஞ்சள் என்று சேர்த்தால் ஒரே புள்ளிக்கு நான்கு தடவை வேலை. கேம் எழுதுகிறவர்கள் இதை ஓவர்டிரா என்பார்கள்.

நிறத்தை எப்படிக் கலப்பது? எட் கேட்மலும் ஆல்வி ரே ஸ்மித்தும் 1970களின் பிற்பகுதியில் நியூயார்க்கில் உருவாக்கிய ஆல்ஃபா முறையே இன்றும் பெருவழக்கு. 1984இல் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் அதற்கு முறையான கணிதம் எழுதினார்கள். புதிய நிறத்தில் ஒரு பங்கு, பழைய நிறத்தில் மீதிப் பங்கு, இரண்டையும் கூட்டு. அவ்வளவுதான்.

ஆனால் தெளிந்த நீரோ நிறக்கண்ணாடியோ அப்படி வேலை செய்வதில்லை. மஞ்சள் கண்ணாடி எதையும் மேலே பூசுவதில்லை. சிவப்பையும் பச்சையையும் விட்டுவிட்டு நீலத்தைத் தடுக்கிறது. இதற்குப் பொருத்தமான கணக்கு பெருக்கல். பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட மூன்று எண்களால் அடியிலுள்ள நிறத்தைப் பெருக்கினால் போதும். ஆல்ஃபா முறையில் கருநிழல்கூட மஞ்சளாக வெளிறிப்போகும்; பெருக்கலில் கறுப்பு கறுப்பாகவே இருக்கும். இன்னொரு லாபமும் உண்டு. எந்த வரிசையில் பெருக்கினாலும் விடை ஒன்றே என்பதால், பெருக்கல் அடுக்குகளைத் தங்களுக்குள் தூரத்திலிருந்து கிட்டத்துக்கு வரிசைப்படுத்தும் வேலை மிச்சம்.

கலங்கல் நீரின் சங்கதி வேறு. மண்துகள்கள் தாங்களே ஒளியைச் சிதறடித்து நிறம் தருவதால் அங்கே ஆல்ஃபாதான் சரி. அடிமணல் சுத்தமாகத் தெரியாத ஆடிப் பெருக்கென்றால் அதுவும் வேண்டாம். நீரைச் சுவரைப் போல வரைந்துவிடலாம். மணலை வரையும் வேலையே இல்லை.

செல்போன் சிப்களில் பெரும்பாலானவை திரையைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து வரைகின்றன. மாலி என்ற வகைச் சிப்கள் பலவற்றில் ஒரு கட்டம் 16க்கு 16 புள்ளி. கலப்பு முழுவதும் சிப்புக்குள் இருக்கும் சின்ன நினைவகத்திலேயே முடிந்துவிடும். அதைத் தெரிந்துகொள்ளாமல், முடிந்த திரையை நகலெடுத்து ஷேடரில் மறுபடி படித்து நிறமூட்டுவது பெருந்தவறு. ஒரு நகல் சுமார் ஒரு கோடி பைட். எழுதவும் படிக்கவுமாக நொடிக்கு 124 கோடி பைட் நினைவகத்துக்குப் போய் வரும். இந்தப் போக்குவரத்துதான் பேட்டரியைக் குடிக்கிறது, போனைச் சுட வைக்கிறது. சூடு ஏறினால் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் விலை மலிந்த போனை வைத்து விளையாடும் பிள்ளைக்குத்தான் கேம் முதலில் திக்கும். அந்தப் பிள்ளையை நினைத்துத்தான் இந்தக் கணக்கெல்லாம் போட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கோவையில் சாமிக்கண்ணு வின்சென்ட் 1914இல் வெரைட்டி ஹால் திரையரங்கைக் கட்டிய காலத்தில், உலகெங்கும் மௌனப் படச் சுருள்களைச் சாயத்தில் முக்கி, இரவுக்கு நீலம், தீக்குச் சிவப்பு என்று நிறம் ஏற்றுவது வழக்கம். ஒருமுறை முக்கினால் எத்தனை காட்சி ஓட்டினாலும் கூடுதல் செலவில்லை. கேமிலும் அந்த வழி உண்டு. ஊரே அந்தி மஞ்சளாக வேண்டுமென்றால் தனி அடுக்கு எதற்கு? வீடு, மரம் ஆகியவற்றின் ஷேடரிலேயே ஒரு பெருக்கல் சேர்த்தால் முடிந்தது. ஒரு வீட்டுக்கு மட்டும் நிறம் மாற வேண்டுமா? முக்கோணங்களின் முனைகளில் நிறத்தைக் கொடுத்துவிட்டால் இடையிலுள்ள புள்ளிகளுக்குச் சிப்பே பரப்பிக்கொடுக்கும். நிறக் கணக்குக்கு 32 பிட் துல்லியமும் தேவையில்லை. 16 பிட் போதும், பல சிப்களில் அது இரட்டை வேகம்.

கண்ணுக்கே தெரியாத ஒரு விரயம் பாக்கி இருக்கிறது. விளக்கைச் சுற்றிய ஒளிவட்டத்தைச் சதுரப் படமாக ஒட்டுவார்கள். மூலைகளில் ஒன்றும் தெரியாது; ஆனாலும் அந்த வெறும் புள்ளிகளுக்கும் ஷேடர் ஓடும். சதுரத்துக்குப் பதிலாக வட்டத்தைத் தொட்டு நிற்கும் எண்கோணமாக வெட்டினால், நூற்றுக்குப் பதினேழு புள்ளிகள் அங்கேயே குறைந்துவிடும்.