உதடு ஒத்துக்கொள்ளும் லிப்ஸ்டிக்

குவைத் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், ஜிலீப் அல் ஷுயூக் பகுதிக்குள் இருக்கிறது அப்பாசியா. ஷிஃப்ட் முடிந்த நர்ஸ்களை வேன்கள் இறக்கிவிட்டுப் போகும் தெருக்களில், பக்காலா என்னும் மளிகைக்கடைக்கும் நகைக்கடைக்கும் நடுவே ஒரு ஃபேன்சி கடை கட்டாயம் இருக்கும். வியாழன் இரவு அங்கே கூட்டம் தாங்காது. மறுநாள் விடுமுறை, ஏதாவது ஓர் இந்தியப் பள்ளியின் ஹாலில் பொங்கல் விழாவோ ஓணமோ இருக்கும். கண்ணாடி முன் நின்று, "இந்தச் சிவப்பு எடுக்கட்டுமா, அந்த மெரூனா?" என்று தோழியைக் கேட்பார்கள். உதடு இதைத் தாங்குமா என்று கேட்கிறவர் அபூர்வம். இந்த ஊரில் அந்தக் கேள்விதான் முதலில் வர வேண்டும்.

இந்த ஊர் உதட்டை என்ன செய்கிறது

உதட்டில் வியர்வைச் சுரப்பி இல்லை. முகத்துக்கு எண்ணெய்ப்பசை தரும் சுரப்பிகளும் அங்கே அநேகமாகக் கிடையாது. மேல்தோலின் காப்பு அடுக்கோ மிக மெல்லியது. தன்னைத் தானே ஈரமாக வைத்துக்கொள்ளத் தெரியாத அந்த இடத்தை நாம் கொண்டுவந்திருப்பது எங்கே? 2016 ஜூலை 21 அன்று இதே நாட்டின் மித்ரிபா என்ற இடத்தில் 53.9 டிகிரி செல்சியஸ் பதிவானது. உலக வானிலை அமைப்பு சோதித்து ஏற்ற அளவு அது. வெளியே அந்த வெயில், இடையிடையே புழுதிக் காற்று. உள்ளே வந்தால் இரவும் பகலும் ஓடும் ஏசி, அறையின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது.

உதடு காய்ந்ததும் நாக்கால் நனைக்கிறோம். எச்சில் ஆவியாகும்போது உதட்டில் மிச்சமிருக்கும் ஈரத்தையும் எடுத்துக்கொண்டு போகும். எச்சிலிலுள்ள செரிமான நொதிகள் தோலை அரிக்கும். நனைக்க நனைக்கக் காய்வது அதனால்தான்.

இப்படி வெடித்திருக்கும் உதட்டின் மேல்தான் 'பன்னிரண்டு மணி நேரம் கலையாது' என்ற வாக்குறுதியோடு திரவ மேட் லிப்ஸ்டிக்கைப் பூசுகிறோம். அது கலையாமல் நிற்பதற்குக் காரணம், பூசிய சில நிமிடங்களில் அதிலுள்ள கரைப்பான் ஆவியாகி, நிறமி ஒரு படலமாக ஒட்டிக்கொள்வது. எண்ணெய் அதிகம் மிச்சமிருக்காது. உதடு அசையும்போதெல்லாம் படலம் இழுக்கும், வெடிப்பு ஆழமாகும். தேன்மெழுகும் விளக்கெண்ணெயும் கலந்த பழைய குச்சி வகை இவ்வளவு கொடுமை செய்வதில்லை. தினமும் வேலைக்குப் போகிறவர்களுக்கு கிரீம் வகையைத்தான் நான் சொல்வேன். மேட் வேண்டுமென்றால் விழா நாளுக்கு மட்டும். அதுவும் பத்து நிமிடம் முன்பே வாசலின் தடவி, டிஷ்யூவால் ஒற்றி எடுத்த பிறகு.

வெயிலில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எஸ்.பி.எஃப். 30 உள்ள லிப் பாமை அடியில் தடவுவது நல்லது. கீழுதடு மேல்நோக்கி இருப்பதால் சூரியனை நேராக வாங்குவது அதுதான். ஆண்டுக்கணக்கில் வெயில் பட்ட கீழுதட்டில் வரும் தடிப்பும் செதிலும் சிலருக்குப் புற்றுநோயாகவும் மாறும். வெளிர்நிறத் தோலுக்கு அந்த ஆபத்து அதிகம், நமக்குக் குறைவு. குறைவு என்பதால் வெயிலில் வேலை செய்கிற நம் ஆண்கள் இதை மறந்துவிடக் கூடாது.

நம் நிறத்துக்கு எது

நம்மில் பலருக்கு மேலுதடு கருமையாகவும் கீழுதடு இளஞ்சிவப்பாகவும் இருக்கும். அது பிறவி நிறம், நோயில்லை. அதனால் விளம்பரத்தில் பார்த்த நிறம் நம் உதட்டில் வேறாக விழுகிறது. வெளிர் பிங்க், 'நியூட்' வகைகளில் வெள்ளை நிறமியான டைட்டானியம் டை ஆக்சைடு அதிகம். மாநிறத்தில் அது சாம்பல் பூத்தாற்போல் தெரியும். செங்கல், மெரூன், மாதுளை, நாவல்பழ நிறங்கள் நம் தோலோடு இணங்கிப் போகும். கருமையான முகத்துக்கு அடர்சிவப்பு எடுக்காது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதைவிட அழகாக எடுக்கும் முகம் எது?

கடையின் ட்யூப்லைட் ஏமாற்றும். விரல் நுனியில் தடவி வாசல் வெளிச்சத்துக்கு வந்து பாருங்கள். புறங்கையைவிட விரல் நுனிதான் உதட்டு நிறத்துக்கு அருகில் வரும். மேலுதட்டுக் கருமையைச் சமன்செய்ய, சாயத்துக்கு அடியில் ஆரஞ்சு நிற கரெக்டரை மெலிதாகத் தடவலாம்.

உதடு புதிதாகக் கறுத்தால் அது வேறு விஷயம். புகை, வெயில், ஓயாமல் நனைப்பது, லிப்ஸ்டிக் ஒவ்வாமை எல்லாமே காரணமாகலாம். காரணம் தெரியாமல் வெளுப்பு கிரீம் தடவ வேண்டாம். பாதரசமோ ஸ்டீராய்டோ கலந்த கிரீம்கள் வளைகுடாச் சந்தைகளிலும் பிடிபட்டிருக்கின்றன. உதட்டில் தடவியது வயிற்றுக்குள்ளும் போகும்.

ஈயமும் தங்க மோதிரமும்

லிப்ஸ்டிக்கை மோதிரத்தில் உரசினால் கறுக்கும், கறுத்தால் ஈயம் என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் ஆண்டுதோறும் உயிர்த்தெழுகிறது. பொய். அந்தச் சோதனை ஈயத்தைக் காட்டாது.

ஆனால் ஈயம் பற்றிய கவலை பொய்யில்லை. 2007இல் அமெரிக்காவின் பாதுகாப்பான அழகுசாதனப் பொருள்களுக்கான இயக்கம் 33 சிவப்பு லிப்ஸ்டிக்குகளைப் பரிசோதித்தது. 61 சதவீதத்தில் ஈயம் இருந்தது. பிறகு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 400 லிப்ஸ்டிக்குகளைச் சோதித்தபோது, கிடைத்த மிக அதிக அளவு பத்து லட்சத்தில் 7.19 பங்கு. 2016இல் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. யாரும் ஈயத்தை வேண்டுமென்று சேர்ப்பதில்லை. மண்ணிலிருந்து வரும் நிறமிகளோடு மாசாக வந்துவிடுகிறது. நல்ல நிறுவனம் அதைச் சோதித்துக் கட்டுக்குள் வைக்கும். முகவரி இல்லாத தயாரிப்பில் சோதிப்பவர் யார்? உடலில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவென்று எதுவும் அறியப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கர்ப்பிணிகளும், அம்மாவின் லிப்ஸ்டிக்கை எடுத்து விளையாடும் குழந்தைகளும் அதனால் கூடுதல் கவனத்துக்குரியவர்கள்.

வாங்கும்போது

என் பக்கத்து ஃப்ளாட் அக்கா ஒருவர், பெரிய கம்பெனியின் பெயர் போட்ட லிப்ஸ்டிக்கை அரை தினாருக்கு வாங்கி வந்தார். மூன்றாம் நாள் உதடு வீங்கிச் செதில் செதிலாக உரிந்தது. பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் தொகுதி எண் இல்லை, காலாவதித் தேதி இல்லை, கம்பெனிப் பெயரிலேயே ஓர் எழுத்து பிசகியிருந்தது. 100 ஃபில்ஸ் கடையில் வாளி வாங்கலாம், ஹேர்பின் வாங்கலாம். வாய்க்குள் போகிற பொருளை வாங்காதீர்கள்.

பெட்டியில் திறந்த டப்பா போன்ற ஒரு சின்னமும் அதற்குள் 12எம் அல்லது 24எம் என்றும் இருக்கும். திறந்த பிறகு அத்தனை மாதம்தான் அது நல்லது. சைவ உணவுக்காரர்களுக்கு ஒன்று: சில சிவப்புகளில் கார்மைன் என்ற நிறமி உண்டு, அது பூச்சியிலிருந்து எடுப்பது.

நல்ல கம்பெனிப் பொருளும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. வாசனைப் பொருள், லனோலின், விளக்கெண்ணெயில் உள்ள ஓர் அமிலம்கூட ஒவ்வாமை தரும். புதிதாக வாங்கினால் முழங்கை மடிப்பில் காலையும் மாலையும் ஏழு முதல் பத்து நாள் தடவிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் உதடு எரிந்தால் தோல் மருத்துவர் முதுகில் ஒட்டுப்பட்டைச் சோதனை செய்து காரணத்தைக் கண்டுபிடிப்பார். ஸபா மருத்துவப் பகுதியில் உள்ள அஸ்அத் அல் ஹமத் தோல் மருத்துவமனை தோலுக்கென்றே இயங்குவது. வாய் ஓரம் மட்டும் வெடித்தால் லிப்ஸ்டிக்கைக் குறைசொல்லாதீர்கள். இரும்புச்சத்து, பி வைட்டமின் குறைவு, பூஞ்சைத் தொற்று போன்றவற்றைத் தேடுவார் மருத்துவர்.

கடன் கொடுக்கக் கூடாத பொருள்

அப்பாசியாவில் ஒரே ஃப்ளாட்டில் நான்கைந்து பேர் இருப்போம். ஊறுகாய்ப் பாட்டில் பொது, இஸ்திரிப் பெட்டி பொது. லிப்ஸ்டிக்கும் அப்படியே கைமாறும். அந்த அன்பு எனக்குப் புரிகிறது. ஆனால் உதட்டோரக் கொப்புளம் தரும் ஹெர்பிஸ் வைரஸ், உலகில் 50 வயதுக்குட்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் உடலில் இருக்கிறது. பலருக்கு அது இருப்பதே தெரியாது. அதனால் லிப்ஸ்டிக்கைக் கடன் கொடுக்காதீர்கள், கடையில் வைத்திருக்கும் டெஸ்டரையும் நேராக உதட்டில் வைக்காதீர்கள். கொப்புளம் இருந்தபோது பூசிய லிப்ஸ்டிக்கைத் தூக்கிப் போடுங்கள், எவ்வளவு தினார் கொடுத்து வாங்கியதானாலும்.

காரிலும் வைக்காதீர்கள். தேன்மெழுகு சுமார் 62 டிகிரியில் உருகும். கோடை மதியம் பூட்டிய காரின் டாஷ்போர்டு அந்தச் சூட்டைச் சுலபமாகத் தாண்டும். உருகி மறுபடி கெட்டியான குச்சியின் மேல் முத்து முத்தாக எண்ணெய் நிற்கும். கலவை பிரிந்ததற்கு அது அடையாளம்.

படுக்கும் முன் கொஞ்சம் தேங்காய் எண்ணெயால் சாயத்தைத் துடைத்தெடுங்கள், தேய்க்காமல். மூன்று வாரம் ஆறாத புண் உதட்டில் இருந்தால், அன்றே மருத்துவரிடம் போங்கள்.

இந்த வியாழன் இரவு கைப்பையை ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். மணம் மாறியது, எண்ணெய் வியர்த்தது, தேதி தெரியாதது எல்லாவற்றையும் குப்பையில் போடுங்கள். ஊருக்குப் போகும் பெட்டியில், தங்கைக்கென்று அவற்றை எடுத்து வைக்காதீர்கள்.