தெரிந்தே கேட்கும் கேள்வி

ஆசிரியர் படத்தைக் காட்டி 'இது என்ன நிறம்?' என்கிறார். நிறம் அவருக்கே தெரியும். தெரிஞ்சுகிட்டே ஏன் கேட்கிறார்? நமக்கு இந்தச் சந்தேகம் வருவதில்லை, பழகிப்போய்விட்டோம்.

அமெரிக்காவின் கரோலினா பகுதியில் ஒரு கறுப்பினத் தொழிலாளர் குடியிருப்பின் குழந்தைகளுக்கு இது பழக்கமில்லை. ஷெர்லி பிரைஸ் ஹீத் 1983இல் வெளியிட்ட நூலில் அக்குடியிருப்பை 'டிராக்டன்' என்ற புனைபெயரால் குறிக்கிறார். தமக்கு விடை தெரிந்ததை அங்கே பெரியவர்கள் குழந்தையிடம் கேட்பது அபூர்வம். 'இது எதைப் போல இருக்கு?' என்பார்கள். ஒப்புமையிலும் கதைகட்டுவதிலும் கெட்டிக்காரக் குழந்தைகள் பள்ளியில் வாயடைத்து நின்றன. எளிய கேள்விக்கும் பதில் வரவில்லையே என்றார்கள் ஆசிரியர்கள்.

இரண்டு பேச்சு மரபுகள் மோதியதன் விளைவே இந்த மௌனம். மோதலும் சமமானதாக இல்லை. மதிப்பெண் போடும் கை ஒரு பக்கத்தில்தான் இருக்கிறது. நடுத்தர வர்க்கத்து வீட்டுப் பேச்சு பள்ளிக்குள் நுழைந்ததும் 'அறிவு' ஆகிவிடுகிறது. பியர் பூர்தியூ பண்பாட்டு மூலதனம் என்றது இதைத்தான்.

ஹீத்தோடு சேர்ந்து சில ஆசிரியர்கள் கேள்வியை மாற்றிப் பார்த்தார்கள். குழந்தைகள் அறிந்த இடங்களின் புகைப்படங்களைக் காட்டி 'இங்க என்ன நடக்குது?' என்றார்கள். பேச்சு வந்தது. அதன் வழியாகவே பள்ளியின் கேள்விமுறையையும் பழக்கினார்கள்.

பின்னர் தேர்வுக் கெடுபிடி கூடியது; அம்முறைகள் ஏறக்குறைய மறைந்துபோயின என்று நூலின் முடிவில் ஹீத்தே எழுதுகிறார். பலவித உடையும் உணவும் காட்டும் பள்ளி விழாக்களுக்கு எந்தத் தேர்வாலும் ஆபத்தில்லை. கேள்வி கேட்கும் உரிமையில் கைவைத்தால்தான் சிக்கல்.