கயிற்றின் மறுமுனை

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961ஆம் ஆண்டில். கல் கட்டிய கயிற்றோடு ஒருவர் கீழே மூழ்குவார். படகில் இன்னொருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மூழ்குபவர் எவ்வளவு கைதேர்ந்தவராயினும், மேலே இருப்பவர் வெற்றிலை போடப் போய்விட முடியாது!

மாணவ நண்பர்களே, மனச்சிதைவு நோயைப் பற்றி எழுத உட்கார்ந்ததும் எனக்கு அந்தக் கயிறுதான் நினைவுக்கு வந்தது.

உலகில் ஏறத்தாழ 300 பேருக்கு ஒருவருக்கு இந்நோய் உண்டு. பெரும்பாலும் இளம் வயதில் தலைகாட்டும். யாரும் பேசாதபோதே குரல்கள் கேட்கும். பக்கத்து வீட்டார் சதி செய்வதாகத் தோன்றும். இது செய்வினையால் வருவதன்று. பெற்றோர் வளர்ப்பின் குற்றமும் அன்று. மூளையின் சில பகுதிகளில் டோப்பமின் என்ற வேதிப்பொருள் மிகையாக வேலை செய்வதற்கு இதில் பங்கு உண்டு. 1952இல் பாரிஸ் நகர மருத்துவர்கள் மனநோய்க்குக் கொடுத்துப் பார்த்த குளோர்புரோமசினும், பின்வந்த மருந்துகளும் அந்த வேகத்தைத் தணிக்கின்றன.

தணிக்கின்றன என்றேன், வேரோடு களைகின்றன என்று சொல்லவில்லை. சிக்கலே இங்கேதான். தலைவலி விட்டதும் மாத்திரையை நிறுத்துகிறோம் அல்லவா? குரல்கள் அடங்கியதும் இவரும், "எனக்குத்தான் சுகமாகிவிட்டதே" என்று நிறுத்திவிடுகிறார். உடனே ஒன்றும் ஆகாது. வாரங்களோ மாதங்களோ கழித்துக் குரல்கள் திரும்பும். "மருந்து விஷம், தொடாதே" என்று அந்தக் குரலே சொல்லவும் கூடும்.

நியாயமான காரணங்களும் உண்டு. தூக்கக் கலக்கம், உடல் பருத்தல், கை நடுக்கம். விடியுமுன் கடலுக்குப் போகிறவருக்குத் தூக்கக் கலக்கம் சின்னத் தொல்லையா? திட்டிப் பயனில்லை. மருத்துவரிடம் சொன்னால் அளவையோ வேளையையோ மருந்தையோ மாற்றித் தருவார். தசையில் போட்டால் சில வாரங்கள்வரை சிறிது சிறிதாக இரத்தத்தில் கலக்கும் ஊசியும் இருக்கிறது.

கயிறு அறுந்தவர்களின் கதியை இக்கடற்கரை கண்டிருக்கிறது. தூத்துக்குடிக்கு வடகிழக்கே, இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், 2001 ஆகஸ்டு 6 விடியற்காலையில் ஒரு தனியார் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே மனநோயாளிகள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். 28 பேர் மாண்டனர். அவர்களை அங்கே விட்டுச் சென்ற குடும்பத்தார் கொடியவர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. பலருக்கு வேறு வழி தெரிந்திராது. சங்கிலியை 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் அறவே தடை செய்துவிட்டது. ஏர்வாடி தர்காவிலும் பின்னர் அரசு மனநல மருத்துவம் வந்தது. அதன் பெயர் 'தவா-துவா'. மருந்தும் பிரார்த்தனையும் என்று பொருள்!

நோயாளி வர இயலாவிட்டால் மருத்துவமனையே போனால் என்ன? மருத்துவர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம் புதுக்கோட்டைக் கிராமங்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பியது. பேருந்துக்குள் தொலைக்காட்சித் திரை. திரையில் சென்னை மருத்துவர். இறங்கும்போது கையில் மருந்து. ஒரு நாள் கூலியை இழந்து நகரத்துக்கு அலைய வேண்டியதில்லை.

உங்கள் தெருவிலும் இத்தகைய அண்ணனோ அக்காளோ இருக்கலாம். அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும் தேதியை நினைவூட்டுங்கள். துணைக்கு ஆள் இல்லையென்றால் உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரோடு கூடவே போய் வாருங்கள். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.