ஒரே சண்டை, பல கடிகாரங்கள்: மேனி பாக்கியாவின் போட்டிகளும் பிலிப்பைன்ஸ் தொலைக்காட்சிப் பார்வையாளரும்

'நாடே பார்த்தது' என்பது விளையாட்டுச் செய்திகளில் நாம் அடிக்கடி காணும் தொடராகும். அத்தொடரைப் பிலிப்பைன்ஸ் நாட்டோடும் குத்துச்சண்டை வீரர் மேனி பாக்கியாவோடும் சேர்த்துக் கூறியதுபோல் வேறெந்த நாட்டோடும் வீரரோடும் சேர்த்துக் கூறியிருப்பரா என்பது ஐயமே. 2015 மே 3, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், லாஸ் வேகாஸ் நகரின் எம்.ஜி.எம். கிராண்ட் அரங்கில் அவர் ஃபிளாய்ட் மேவெதருடன் மோதியபோது, மணிலாவின் நெரிசல் மிக்க சாலைகள் வெறிச்சோடின. நாடே பார்த்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் நாடு ஒரே நேரத்தில் பார்த்ததா என்பது வேறு வினா. அவ்வினாவையே இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

பாக்கியாவைத் தொலைக்காட்சியிலிருந்து பிரித்துக் காண இயலாது. 1978ஆம் ஆண்டு மிண்டனாவோ தீவின் புக்கிட்னோன் மாநிலத்தில் பிறந்து, ஜெனரல் சாந்தோஸ் நகரில் வறுமையில் வளர்ந்தவர் அவர். பதின்ம வயதில் மணிலாவுக்குச் சென்று, 1995 சனவரியில் தொழில்முறை வீரரானார். அக்காலத்தில் 'புளோ பை புளோ' என்னும் வாராந்திரக் குத்துச்சண்டை நிகழ்ச்சி பிலிப்பைன்ஸ் தொலைக்காட்சியில் இடம்பெற்று வந்தது. மெலிந்த உடலும் அஞ்சாத தாக்குதலும் கொண்ட அவ்விளைஞரை மக்கள் அந்நிகழ்ச்சியின் வழியே அறிந்துகொண்டனர். 1998இல் தாய்லாந்தில் சாட்சாய் சசகுலை வீழ்த்தி முதல் உலகப் பட்டத்தை வென்றார். 2001இல் மிகக் குறுகிய கால அழைப்பின் பேரில் அமெரிக்கா சென்று லெட்வாபாவை வென்ற பின்னர், அவருடைய பெரும்பாலான முக்கியப் போட்டிகள் அமெரிக்க மண்ணில் நிகழ்ந்தன. அதன் பயனாய் உள்நாட்டு மக்களுக்கு அவர் முழுக்க முழுக்கத் திரையில் தோன்றும் வீரராயினார்.

இங்குப் புவியியல் செய்த ஓர் உதவியைக் குறிப்பிட வேண்டும். லாஸ் வேகாஸுக்கும் மணிலாவுக்கும் இடையிலான நேர வேறுபாடு கோடையில் 15 மணி, குளிர்காலத்தில் 16 மணி. அமெரிக்கக் கட்டணத் தொலைக்காட்சிக்கு ஏற்ற சனிக்கிழமை இரவு, பிலிப்பைன்ஸில் ஞாயிற்றுக்கிழமை நண்பகலாகும். தொழிற்சாலைக்கும் பள்ளிக்கும் விடுமுறை; காலைத் திருப்பலி முடிந்து குடும்பத்தினர் ஒன்றுகூடும் வேளை. உலகின் வேறு பகுதிகளில் நள்ளிரவிலோ விடியற்காலையிலோ கண்விழித்துப் பார்க்க வேண்டிய ஒரு போட்டி, இந்நாட்டில் மதிய உணவோடு வந்து சேர்ந்தது. குடும்ப நிகழ்ச்சியாக அது வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

அந்நேரம் எவருக்காக வகுக்கப்பட்டது என்பதையும் மறத்தல் கூடாது. 1975 அக்டோபர் 1ஆம் நாள் முகம்மது அலியும் ஜோ ஃபிரேசியரும் மணிலாப் பெருநகரப் பகுதியிலேயே மோதினர். எனினும் அப்போட்டி காலையில் நடத்தப்பட்டது. அமெரிக்காவில் அப்போது முதல்நாள் இரவு. செயற்கைக்கோள் வழி எச்.பி.ஓ. அதனை அங்கு ஒளிபரப்பியது. 2013 நவம்பரில் பாக்கியாவ் மக்காவில் பிராண்டன் ரியோஸுடன் மோதியதும் ஞாயிற்றுக்கிழமை முற்பகலில்தான். 2018 சூலை 15ஆம் நாள் நம் கோலாலம்பூரின் புக்கிட் ஜாலில் அரங்கில் அவர் லூக்காஸ் மத்தீசேயை ஏழாம் சுற்றில் வீழ்த்தியதைப் பலரும் நினைவிற் கொண்டிருப்பர். இரு நாட்டுத் தலைவர்களும் நேரில் கண்ட அப்போட்டியும் பகற்பொழுதிலேயே நடந்தேறியது. ஆசிய மண்ணில் நடந்தாலும் மணியோசை அமெரிக்கக் கடிகாரப்படியே ஒலித்தது என்பது குறிப்பிடத்தக்கது.

பார்வையாளரின் படிநிலைகள்

ஒரே போட்டி பிலிப்பைன்ஸ் மக்களை எவ்வெவ்வழிகளில் சென்றடைந்தது? வசதி படைத்தோர் கம்பிவடத் தொலைக்காட்சியில் தனிக்கட்டணம் செலுத்தி, விளம்பரமின்றி நேரலையாகக் கண்டனர். அடுத்த நிலையினர் திரையரங்கிலும் உணவகத்திலும் நுழைவுச்சீட்டு வாங்கினர். நகராட்சிகளும் அரசியல்வாதிகளும் அதே நேரலையை விலைக்கு வாங்கிப் பொதுத்திடல்களிலும், 'பாராங்காய்' எனப்படும் சிற்றூர் நிருவாகப் பிரிவுகளின் கூரையிட்ட கூடைப்பந்து மைதானங்களிலும் இலவசமாகத் திரையிட்டனர். படை முகாம்களிலும் திரைகள் நிறுவப்பட்டன. எஞ்சிய பெரும்பான்மையோர் இல்லத்திலிருந்தவாறே இலவச அலைவரிசையில் கண்டனர். 2015 போட்டியை ஏபிஎஸ்-சிபிஎன், ஜிஎம்ஏ, டிவி5 ஆகிய மூன்று போட்டி நிறுவனங்களும் ஒருசேர ஒளிபரப்பியமை வழக்கத்திற்கு மாறானது.

ஆனால் இலவச ஒளிபரப்பு நேரலையாக அமையவில்லை. அது சற்றுப் பிந்தியே தொடங்கும். பின்னர் மேலும் பிந்திக்கொண்டே செல்லும். இதன் இயக்கம் எளியது. குத்துச்சண்டையில் ஒரு சுற்று 3 நிமிடம். சுற்றுகளுக்கிடையே ஓய்வு 1 நிமிடம். 12 சுற்றுகளுக்கு 11 ஓய்வுகள் உண்டு. ஆகவே முழுப் போட்டியும் 47 நிமிடத்தில் முடிவுறும். ஒவ்வோர் ஓய்விலும் ஒரு நிமிடத்திற்குப் பதிலாக மூன்று நிமிட விளம்பரம் செருகப்படுவதாகக் கொள்வோம். ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு நிமிடம் கூடி, இறுதி மணி ஒலிக்கும்போது 22 நிமிட இடைவெளி விழுந்துவிடும். தொடக்கத்திலேயே இருந்த தாமதம் இதற்கு மேல். அதாவது, ஆட்டம் சூடேற ஏற, இலவசப் பார்வையாளர் உண்மை நேரத்திலிருந்து மேலும் மேலும் விலகிச் செல்கிறார். அவ்விடைவேளைகளில் தோன்றியவரும் பாக்கியாவே என்பது தனிச்சுவை. அடிபட்டு மூலையில் அமரும் வீரர், அடுத்த நொடியே புன்னகையோடு 'அலாக்ஸான்' வலிநிவாரணியைப் பரிந்துரைத்தார்! விளம்பரதாரர் கோணத்தில் நோக்கினால், இரண்டாம் சுற்றில் முடியும் வெற்றி இழப்பே. பன்னிரண்டு சுற்றும் நீள்வதே ஆதாயம்.

இவ்விடைவெளியை வானொலி முறியடித்தது. ஜிஎம்ஏ நிறுவனத்தின் தொலைக்காட்சி தாமதமாக ஒளிபரப்பிய அதே போட்டியை, அதன் வானொலிப் பிரிவு உடனுக்குடன் வருணித்தது. ஆகவே பேருந்து ஓட்டுநரும் தெருவோரக் கடைக்காரரும் இல்லத்தில் வண்ணத்திரையின் முன் அமர்ந்திருந்தோரைவிட முன்னதாகவே முடிவை அறிந்தனர். குறுஞ்செய்தியும் பின்னர் சமூக ஊடகமும் இதனை மேலும் விரைவுபடுத்தின. 2015இல் 'பெரிஸ்கோப்' செயலி வாயிலாகச் சிலர் தம் தொலைக்காட்சித் திரையையே கைப்பேசியில் படம்பிடித்து உலகிற்கு நேரலையாக வழங்கியதும் உண்டு.

இந்த இடைவெளியை நான் முதன்முதலில் உணர்ந்தது நூல்களின் வழியன்று. முனைவர் பட்ட ஆய்விற்காக இங்கிலாந்தில் தங்கியிருந்தபோது, விடுதியில் பிலிப்பைன்ஸ் நாட்டு நண்பர் ஒருவர் இருந்தார். 2012 டிசம்பர் 9ஆம் நாள் விடியற்காலையில், குளிருக்குப் போர்வை போர்த்திக்கொண்டு, பாக்கியாவ் நான்காம் முறையாக ஹுவான் மனுவேல் மார்க்கேஸுடன் மோதுவதை அவருடைய மடிக்கணினியில் கண்டோம். ஆறாம் சுற்று முடிய ஒரு நொடி எஞ்சியிருக்கையில் விழுந்த ஒரே குத்தில் பாக்கியாவ் முகங்குப்புற வீழ்ந்தார், நெடுநேரம் அசையவில்லை. நண்பர் உடனே தம் தாயாரை அழைத்தார். மறுமுனையில் ஆரவாரம். அங்கு ஓடிக்கொண்டிருந்தது ஐந்தாம் சுற்று. அச்சுற்றில் மார்க்கேஸைப் பாக்கியாவ் தரையில் வீழ்த்தியிருந்தார். அம்மையார் மகிழ்ச்சி தாளாமல் பேசிக்கொண்டே போனார். நண்பர் "ஆமாம் அம்மா, ஆமாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தொடர்பைத் துண்டித்தார். "ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டேன். "அவருக்கு இன்னும் சில நிமிடங்கள் இருக்கின்றன" என்றார்.

தேசம் என்பது ஒருவரையொருவர் நேரிற் காணாத மக்கள் தம்மை ஒரே சமூகமாக எண்ணிக்கொள்வதால் உருவாவது என்றார் பெனடிக்ட் ஆண்டர்சன். 1983இல் வெளிவந்த அவருடைய 'கற்பனைச் சமூகங்கள்' நூலில், நாளிதழை ஒரே நாளில் எண்ணற்றோர் தனித்தனியே படிப்பது இதற்குச் சான்றாகிறது. பிலிப்பைன்ஸ் எழுத்தாளர் ஹோசே ரிசாலின் புதினமும் அங்கு எடுத்தாளப்படுகிறது. ஊடகப் பெருநிகழ்வுகளை 1992இல் ஆராய்ந்த தானியல் தயானும் எலிஹு காட்ஸும் நேரலையை அவற்றின் அடிப்படைக் கூறாகக் கொண்டனர். பாக்கியாவின் போட்டிகள் இக்கருத்துகளுக்கு ஓர் உறுத்தலாக அமைகின்றன. ஒரே நேரத்தில் பார்க்கிறோம் என்னும் உணர்வு அனைவரிடமும் இருந்தது. ஒரே நேரம் மட்டும் இல்லை. செலுத்திய கட்டணத்திற்கேற்பவே ஒருவருடைய 'இப்பொழுது' அமைந்தது. இதனைக் கொண்டு ஆண்டர்சனின் கருத்தைத் தள்ளிவிட வேண்டியதில்லை என்பது என் துணிபு. முடிவை வானொலியில் கேட்ட பின்னரும் மக்கள் தொலைக்காட்சியை விட்டு எழவில்லையே! செய்தி அறிவது அவர்களின் நோக்கமன்று. உடனிருப்பதே நோக்கம் போலும்.

எண்ணிக்கையில் அகப்படாதோர்

நம் துறை மாணவர்கள் தமிழ் நாடகத் தொடர்களையும் கலை நிகழ்ச்சிகளையும் ஆராயும்போது பார்வையாளர் எண்ணிக்கையை ஐயமின்றி எடுத்தாள்வதைக் காண்கிறேன். அவர்களுக்குப் பிலிப்பைன்ஸ் அனுபவம் பயன்படும். அங்கு எண்ணிக்கையே வழக்காகியது. 2007 இறுதியில் ஏபிஎஸ்-சிபிஎன், அளவீட்டு நிறுவனமான ஏஜிபி நீல்சன் மீது வழக்குத் தொடுத்தது. தரவில் முறைகேடு நிகழ்ந்ததாக எழுந்த குற்றச்சாட்டே காரணம். பிற்காலத்தில் இரு பெரும் நிலையங்களும் வெவ்வேறு நிறுவனங்களின் எண்களைக் காட்டி, ஒரே வாரத்தில் இரண்டுமே தம்மை முதலிடத்தவர் என அறிவித்துக்கொண்டன.

அதனினும் அடிப்படையான குறை ஒன்றுண்டு. அளவீட்டுக் கருவி பொருத்தப்படுவது இல்லங்களில். பாக்கியாவின் பார்வையாளரில் பெருந்திரளானோர் அந்நேரம் இல்லத்தில் இல்லை. திடலில், மைதானத்தில், திரையரங்கில், அண்டை வீட்டுச் சன்னலருகில் நின்றனர். நம் மாமாக் உணவகங்களில் காற்பந்து பார்ப்போரின் நிலையும் இதுவே. 2013இல் ஹையான் புயலால் சிதைந்த தக்ளோபான் நகரில், ரியோஸுடனான போட்டி பெருந்திரையில் காட்டப்பட்டபோது திரண்டவர்களுள் பலருக்கு வீடே இல்லை. அளவீட்டுக் கருவிக்கு எங்குப் போவது?

இத்தகைய கூட்டத்தை மதிப்பிட வேறு குறிகளே எஞ்சுகின்றன. 2015 போட்டிக்கு முன் பலாவான் தீவின் மின் கூட்டுறவு அமைப்பு, மின்தடையைத் தவிர்க்கக் குளிர்பதனப் பெட்டி முதலியவற்றை அந்நேரம் அணைத்துவைக்குமாறு மக்களைக் கேட்டுக்கொண்டது. என் மதிப்பில் இவ்வேண்டுகோள் எந்த விழுக்காட்டினும் நம்பத்தக்க சான்று. போட்டி நேரத்தில் குற்றமே நிகழவில்லை என்று காவல் துறை கூறிவந்ததை அவ்வாறு கொள்ள இயலாது. சாதாரண ஞாயிறு நண்பகலில் எத்தனை குற்றங்கள் பதிவாகும் என ஒப்பிட்டுக் காட்டாத வரை அஃது ஓர் இனிய கதையே.

மறுபுறம், அமெரிக்கப் பார்வையாளரின் எண்ணிக்கை துல்லியமாகக் கிடைக்கிறது. ஏனெனில் அது விற்பனைக் கணக்கு. மேவெதர் போட்டியை அங்கு 46 இலட்சம் இணைப்புகள் வாங்கின. உயர்தெளிவு ஒளிபரப்பின் விலை ஏறக்குறைய 100 டாலர். கடைசி நேரத்தில் குவிந்த கோரிக்கைகளைக் கம்பிவட நிறுவனங்கள் கையாள முடியாமல் திணறியதால் போட்டியே தாமதமாகத் தொடங்கிற்று. பணம் செலுத்தியவருக்காக வளையமே காத்திருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

போட்டியில் பாக்கியாவ் புள்ளி அடிப்படையில் தோற்றார். அதன் பின்னரே அவருடைய வலத்தோளில் முன்பே காயம் இருந்த செய்தி வெளிப்பட்டது. காயத்தை மறைத்து விற்றனர் எனக் கட்டணம் செலுத்தியோர் அமெரிக்க நீதிமன்றங்களை நாடினர். 2017இல் அவ்வழக்குகள் தள்ளுபடியாயின. 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அம்முடிவை உறுதிப்படுத்தியது. பார்வையாளர் வாங்கியது முழுநீளப் போட்டி ஒன்றை. அது அவர்களுக்குக் கிடைத்துவிட்டது என்பதே தீர்ப்பின் சாரம். ஆட்டம் சுவையாக இல்லை என்பதும், எதிர்பார்ப்பு பொய்த்தது என்பதும் சட்டத்தின் முன் இழப்பாகா.

வழக்காடும் தகுதிக்கேனும் அவர்களிடம் ஒரு பற்றுச்சீட்டு இருந்தது. பலாவானில் குளிர்பதனப் பெட்டியை அணைத்துவிட்டு, விளம்பரங்களினூடே பன்னிரண்டு சுற்றையும் பார்த்து முடித்தவரிடம் அதுவும் இல்லை. அவர் பார்த்த மூன்று அலைவரிசைகளுள் ஒன்றான ஏபிஎஸ்-சிபிஎன், உரிமம் புதுப்பிக்கப்படாமல், 2020 மே 5ஆம் நாள் தன் இலவச ஒளிபரப்பை நிறுத்தியது.