உங்க போர் தண்ணீரில் ஃப்ளோரைடு எவ்வளவு?

ஏற்காடு போனால் கிளியூர் அருவியைப் பார்க்காமல் யாரும் திரும்புவதில்லை. ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர்தான் அங்கே சுமார் 300 அடி கீழே விழுகிறது. கையில் அள்ளினால் பளிங்கு மாதிரி இருக்கும். மலையிறங்கி, சமவெளியில் உங்கள் வீட்டு போர்வெல் தண்ணீரை டம்ளரில் பிடித்துப் பாருங்கள். அதுவும் பளிங்குதான்! ஆனால் ஒன்று மழைநீர். மற்றொன்று பாறை இடுக்கில் வருஷக்கணக்காகத் தங்கி, பாறையிலிருக்கும் ஃப்ளோரைடைக் கரைத்துக்கொண்டு வருவது. நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

பக்கத்து தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இந்தத் தொல்லைக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்தது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது. வேறு தண்ணீரே கிடைக்காவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். தாண்டினால் முதலில் மாட்டுவது குழந்தைகள்தான். எட்டு வயதுக்குள் ஈறுக்குள்ளே உருவாகும் நிரந்தரப் பற்களில் மஞ்சள், பழுப்புக் கறை விழும். தேய்த்தால் போகாது. அளவு மிக அதிகமாகி, பல வருஷம் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகும்.

"காய்ச்சித்தானே சார் குடிக்கிறோம்?" என்பீர்கள். காய்ச்சினால் கிருமி சாகும், ஃப்ளோரைடு சாகாது. தண்ணீர் ஆவியாகி வற்றுவதால் கொஞ்சம் கூடவே செய்யும்.

அப்படியானால் எப்படித்தான் கண்டுபிடிப்பது? லேபில் பேனா மாதிரி ஒரு எலக்ட்ரோடு இருக்கும். அதன் நுனியில் லாந்தனம் ஃப்ளோரைடு என்ற படிகத்தில் செய்த சின்ன வில்லை. 1966-ல் அமெரிக்காவில் ஃபிராண்ட், ராஸ் என்ற இருவர் வெளியிட்ட கண்டுபிடிப்பு இது. அந்த வில்லைக்குள் ஃப்ளோரைடு அயனி மட்டும்தான் நகர முடியும். அதனால் உண்டாகும் மின்னழுத்தத்தை மீட்டர் காட்டும். ஃப்ளோரைடு பத்து மடங்கானால் மாற்றம் 59 மில்லிவோல்ட்தான். ஒரே ஒரு மில்லிவோல்ட் பிசகினால் விடை நூற்றுக்கு நாலு பங்கு தப்பு!

அதனால்தான் எலக்ட்ரோடைப் பராமரிப்பது பெரிய விஷயம். படிகம் கெட்டியானது, பல வருஷம் உழைக்கும். ஆஸ்பத்திரியில் ரத்தத்தில் பொட்டாசியம் பார்க்கும் எலக்ட்ரோடில் இருப்பதோ மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு. அதிலுள்ள பொருள்கள் மெல்லக் கசிந்து போவதால் சில மாதங்களில் மாற்ற வேண்டும். படிகத்துக்கும் வயசாகும். அழுக்குப் படிந்தால் மீட்டர் மந்தமாகும். அப்போது ஃப்ளோரைடு டூத்பேஸ்ட்டால் தேய்த்துச் சுத்தம் செய்வதுண்டு. பல்லுக்கு வைத்தியம் எலக்ட்ரோடுக்கும் பொருந்துகிறது பாருங்கள்! 59 வரவேண்டிய இடத்தில் 54-க்கும் கீழே வந்தால் அந்த எலக்ட்ரோடை நம்பக்கூடாது.

இன்னொரு சூட்சுமம். சேர்வராயன் மலை பாக்சைட்டுக்குப் பெயர் போனது. பாக்சைட் என்றால் அலுமினியத் தாது. அலுமினியமோ இரும்போ தண்ணீரில் கரைந்திருந்தால் ஃப்ளோரைடைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். எலக்ட்ரோடு கண்ணில் படாது, குறைவாகக் காட்டும். ரிப்போர்ட்டைப் பார்த்து நாமும் நிம்மதியாக இருந்துவிடுவோம்! இதைத் தடுக்க ஒரு பஃபர் கரைசலைக் கலப்பார்கள். அது பிடியை விடுவித்து, அமிலத் தன்மையையும் 5-க்குப் பக்கத்தில் நிறுத்தும். "பஃபர் கலந்தீங்களா? இன்னிக்கு ஸ்டாண்டர்டு வச்சுப் பார்த்தீங்களா?" என்று தாராளமாகக் கேளுங்கள்.

மாவட்டந்தோறும் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடம் உண்டு. மோட்டாரைச் சில நிமிஷம் ஓடவிட்டு, சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்துக் கொண்டு போங்கள், கண்ணாடி வேண்டாம். கோடையில் ஒருமுறை, மழைக்குப் பிறகு ஒருமுறை பார்த்தால் நல்லது.